இரண்டு போத்தல் அவகாசம்

எங்கள் தோட்டத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், என்ன வியாதி என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை போத்தல் ஏற்றினார்கள் என்றுதான் கேட்பார்கள். ஒரு போத்தல் சேலைன் என்றால் சும்மா காய்ச்சல். போய்ப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு என்றால் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். மூன்றுக்கு மேல் போனால் ஆப்பிள் வாங்கியாக வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெறும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்த டாக்டர் ஐயாவுக்கு வைத்தியமே தெரியாது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு நடக்கும்.

அந்த முறைப்படி பார்த்தால் என்னை யாரும் மிஞ்ச முடியாது. எனக்கு ஏறியது சாதாரண சேலைன் மட்டுமல்ல. வெளிர் மஞ்சளாக, ஆறிப்போன இஞ்சித் தேத்தண்ணி நிறத்தில் இரண்டு போத்தல் வேறு ஏறியது. அதன் உண்மையான பெயர் யார் வாயிலும் நுழையாததால் ‘மஞ்சச் சேலைன்’ என்று பெயர் வைத்து, இன்றுவரை அதைப் பற்றி என்னைவிட விவரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு போத்தலும் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவர்கள் மட்டும் இன்னும் விவரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதம் ஒரு முறை வந்து, எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கூப்பிட்ட குரலுக்கு இருந்தது என் தம்பி ஒருவன்தான். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவன். காலையில் கத்தியோடு மலைக்குப் போனால் மதியம் வாளியோடு இறங்குவான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல அப்போது எதுவும் இருக்கவில்லை.

முதல் இரண்டு பிள்ளைகளும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் வந்தபோது கிளினிக்கில் இரத்தம் பார்த்து, ஓ நெகட்டிவ் என்று கார்ட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். இது லேசில் கிடைக்காத வகை, கொடுக்கக்கூடிய ஆளை இப்போதே பார்த்து வையுங்கள் என்று நர்ஸ் மிஸ் சொன்னார். சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையில் நிறுத்திக் குத்திப் பார்த்ததில், தம்பிக்கு மட்டும் அதே வகை. அவன் பெயரும் போன் நம்பரும் என் கார்ட்டில் ஏறின. பள்ளிக்கூடத்தில் எந்தப் பட்டியலிலும் பெயர் வராத பயல், அன்றைக்கு அந்தக் கார்ட்டை வாங்கி வாங்கிப் பார்த்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அக்காவுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குப் பறவைக்காவடி நேர்ந்துகொண்டான். முதுகுத் தோலில் கொக்கி மாட்டி, டிராக்டரில் கட்டிய மரத்தில் தொங்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருவது. பிள்ளை பெறப்போவது நான், தொங்கப்போவது அவன். அம்மனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டேன். “அப்புடியெல்லாம் பேசாதீங்கக்கா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

காவடி எடுக்கிறவன் திருவிழாவுக்கு ஒன்பது நாள் முந்தி காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கிழங்கு வைத்த கயிற்றைப் பூசாரி மணிக்கட்டில் கட்டிவிடுவார். கட்டிய பிறகு ஒரு நேரச் சாப்பாடு, முட்டைகூட ஆகாது. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை, கீழே ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற சின்னப் பாலம். அந்தப் பக்கம் தெரணியகலை பஸ் போகிற ரோட்டு.

டாக்டர் கொடுத்த நாள் திருவிழா முடிந்து பத்து நாளுக்குப் பிறகு. அதனால் யாருக்கும் கவலை இல்லை. என் மகளுக்கு டாக்டரும் ஒன்றுதான், கோயில் கமிட்டியும் ஒன்றுதான். காப்புக் கட்டிய ஏழாம் நாள், வியாழக்கிழமை விடியும்போதே புறப்பட்டுவிட்டாள்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா துணைக்கு வர, த்ரீவீலில் ஏறினேன். தம்பி முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தான். பாலம் வந்ததும் இறங்கிவிட்டான்.

“போயிட்டு வாங்கக்கா. எல்லாத்தையும் ஆத்தா பாத்துக்கும்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன் நின்றதைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது கோபம் வரவில்லை. பாவம், நனைகிறானே என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நல்லவளாக இருந்திருக்கிறேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. நல்ல குரல். துடைத்து என் நெஞ்சில் வைத்தார்கள். நான் அதன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசிரியை அல்லவா, எதையும் எண்ணாமல் விடமாட்டேன். ஏழாவது விரலில், கீழே வெதுவெதுப்பாக ஏதோ பரவுவது தெரிந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்ட மாதிரி நிற்காமல் போனது. பிள்ளையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். வயிற்றை ஒரு மிஸ் இரண்டு கையாலும் பிசைய, இன்னொருவர் ஊசி போட, இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குழாய் ஏற்ற, எனக்குக் கல்யாணத்தில்கூட இத்தனை பேர் பரபரத்ததில்லை.

குளிர்ந்தது. அப்படி ஒரு குளிரை நான் அதுவரை அறிந்ததில்லை. தாகம் வேறு. காது அடைத்தது. இரண்டு கையிலும் சேலைன் ஓடியும் அழுத்தம் ஏறவில்லை என்று ஒருவருக்கொருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டார்கள். சிங்களம் தெரியாதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போதுதான் அந்த வெளிர் மஞ்சள் போத்தல் வந்தது.

“இது இரத்தமா டாக்டர்?” என்று கேட்டேன்.

இளம் டாக்டர். நெற்றியெல்லாம் வியர்வை. இரத்தம் இல்லை என்றார். உடம்பின் குழாய்களில் ஓடுவதற்கு ஏதாவது வேண்டும், வற்றிவிட்டால் இதயம் எதைத் தள்ளும் என்றார். சேலைன் சீக்கிரம் கசிந்து போய்விடுமாம். இது கொஞ்ச நேரம் உள்ளே தங்கி அழுத்தத்தைப் பிடித்து வைக்குமாம். ஆனால் இரத்தம் செய்கிற வேலையை இது செய்யாது, மூச்சுக்காற்றைச் சுமக்காது, அதற்கு இரத்தமே வேண்டும் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. டீச்சர் வராத வகுப்பில் மொனிட்டர் பிள்ளையை நிறுத்தி வைப்பது மாதிரி. சத்தம் அடங்கும், பாடம் நடக்காது.

இரத்த வங்கியில் என் வகை ஒரே ஒரு பை இருந்தது. அதை ஏற்றிவிட்டார்கள், போதவில்லை. மீதி இரத்தினபுரியில் இருந்து வர வேண்டும். ரோட்டில் தண்ணீர் ஏறி, ஆம்புலன்ஸ் சுற்றி வருகிறதாம். அதுவரை மொனிட்டர்தான். கார்ட்டைப் பார்த்த மிஸ் என் காதருகே குனிந்து, தங்கச்சி என்பதைச் சிங்களத்திலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னார்:

“நங்கி, தம்பி இருக்கு தானே? ஒடனே வரச் சொல்லுங்க.”

வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா அக்காவை உள்ளே கூப்பிட்டு, போனைப் போட்டு, என் காதில் வைத்தார்கள். மணி பன்னிரண்டரை. நான் பேசியது நாலு சொல்தான் இருக்கும். தம்பி சொன்னான்:

“கையில காப்பு இருக்கேக்கா... இருங்க, கோயில் தலைவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்.”

எனக்காகத்தான் அந்தக் காப்பு. என் பிள்ளைக்காகத்தான் அந்த விரதம். என்னைக் காப்பாற்றக் கட்டிய கயிறு, என்னைக் காப்பாற்ற வர விடாமல் அவனைக் கட்டிப்போட்டிருந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்க உடம்பில் ஒன்றுமில்லை.

அதன் பிறகு கோயில் கொட்டகையில் நடந்ததை, கூட்டத்தில் இருந்தவர்களே பிறகு பெருமையோடு என்னிடம் சொன்னார்கள். தலைவர், பூசாரி, இன்னும் ஐந்தாறு கமிட்டிக்காரர்கள் அவசரமாகக் கூடினார்கள். அவசரமாகக் கூடியது மட்டும்தான் அவசரம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தால் தம்பிக்குத் தீட்டு உண்டா என்பது முதல் விவாதம். கல்யாணம் கட்டிப் போனவள் வேறு வீட்டுப் பெண், ஆகவே தீட்டில்லை என்றார் ஒருவர். தீட்டில்லாத அளவுக்கு வேறு வீட்டுப் பெண் என்றால் இவன் எதற்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதில் அரை மணி நேரம் போனது.

பிறகு தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. “ஆஸ்பத்திரி வேன பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுவோம். தம்பி இந்தப் பக்கம் நிக்கட்டும். கைய மட்டும் நீட்டுனா போதும்ல?” கை எல்லையைத் தாண்டுமே என்று பூசாரி ஆட்சேபித்திருக்காவிட்டால், எனக்கு வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸையே அங்கே அனுப்பச் சொல்லி போன் போட்டிருப்பார்கள்.

கடைசியில் முடிவானது இதுதான். இப்போது ராகு காலம் தொடங்கப்போகிறது. மூன்று மணிக்கு அது முடிந்ததும், எலுமிச்சம்பழம் வெட்டி, காப்பைக் கழற்றிச் சூலத்தில் கட்டிவிட்டு அவன் போகலாம். பொழுது சாய்வதற்குள் வந்து குளித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத முடிவு. நான் இரத்தத்தை மூன்று மணி வரை நிறுத்தி வைத்துக்கொண்டால் எல்லாம் சரி.

தம்பி இரண்டு மணி தாண்டும்வரை கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு இருந்திருக்கிறான். பிறகு எழுந்து, ஒருவரிடமும் சொல்லாமல், கீழே பாலத்துக்குப் போய், இடுப்பில் இருந்த பால்வெட்டுக் கத்தியால் காப்பை அறுத்து ஆற்றில் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். இதைச் சொன்ன எல்லாரும், அறுத்ததைத்தான் பெரிய விஷயமாகச் சொன்னார்கள். நான் கணக்கில் எடுத்தது அவன் குந்தியிருந்த நேரத்தைத்தான்.

அவன் வந்து சேரும்போது முதல் மஞ்சள் போத்தல் முடிந்து இரண்டாவது பாதியில் இருந்தது. இரத்தப்போக்கு மட்டுப்பட்டிருந்தது, ஆனால் போனது போனதுதான். மூச்சு மேலாகவே நின்றது. ஆண்களை விடாத இடம். என் நிலைமையைப் பார்த்துத்தானோ என்னவோ, மிஸ் அவனைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க விட்டார். சட்டை முழுக்க மழை. மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும்.

“ராகு காலம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த தெம்பு முழுவதையும் அதற்குத்தான் செலவழித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளையை இரண்டாம் தரம் தூக்காமல் போகப்போகிறேன், அதற்குக் காரணம் இவன் என்று நினைத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் அவன் மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது.

“அந்தப் போத்தல்ல இருக்கறது ரத்தமா மிஸ்?”

“இல்ல மல்லி,” என்று அவனைச் சிங்களத்தில் தம்பி என்று அழைத்தார். “அது மாட்டு எலும்புல எடுக்கிற சாமான். இப்ப அக்காவ புடிச்சி வச்சிருக்கிறது அது தான்.”

“மாடா?”

“ஓவ், மாடு தான். நீங்க ஓடிப் போங்க, பிளட் பேங்க்குக்கு.”

ஏழு நாளாக முட்டையைக்கூடத் தொடாத குடும்பத்துக்கு, மாட்டெலும்பு நேரடியாக நரம்பிலேயே ஏறிக்கொண்டிருந்தது. கமிட்டிக்குத் தெரிந்தால் இதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு எனக்கு நினைவு கொஞ்சம் மங்கிவிட்டது.

இரத்த வங்கியில் நடந்ததை மிஸ்தான் மறுநாள் சொன்னார். இரத்தம் கொடுக்க வருகிறவரின் விரலில் குத்தி, ஒரு துளியை நீல நிறத் தண்ணீரில் விடுவார்களாம். இரத்தத்தில் சத்து இருந்தால் துளி கீழே போகும். இல்லாவிட்டால் மேலேயே நிற்கும். தம்பியின் துளி மேலேயே நின்றிருக்கிறது. உங்களுக்கே இரத்தம் போதாது, உங்களிடம் எடுக்க முடியாது, போய் நன்றாகச் சாப்பிடுங்கள், மாத்திரை எடுங்கள், மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழு நாள் விரதம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அதற்கு முந்திய இருபத்தெட்டு வருட ரொட்டிக்கும் பாலில்லாத சாயத்தண்ணிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு எந்தக் கமிட்டியும் கூடியதில்லை.

“ஒரு மணித்தியாலத்துல திரும்பி வந்துட்டு,” என்றார் மிஸ். “மூச்சு வாங்குது, வேர்க்குது. இப்ப பாருங்க, இப்ப பாருங்கன்னு கைய நீட்டுது. பாவம்னு திரும்பக் குத்திப் பாத்தாங்க. அப்பவும் மேல தான் நின்னிச்சி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிக்கொண்டு பக்கத்துக் கட்டிலின் விரிப்பைச் சரி செய்தார்.

இரத்தினபுரி இரத்தம் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தது. யார் கொடுத்தது என்று தெரியாது. ராகு காலம் பார்க்காமல் கொடுத்த யாரோ ஒரு புண்ணியவான். அந்த மஞ்சள் போத்தல் இரண்டும் அதுவரை என்னைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தன. இரண்டாவது பை ஏறி முடிந்தபோது மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னேன். மீதி மூன்று விரல்களையும் எண்ணினேன்.

தோட்டத்தில் திருவிழா நடந்தது. தம்பிக்குப் பதில் வேறொருவன் தொங்கினான். தேர் பாதி வழியில் சேற்றில் புதைந்ததற்குக் காரணம் தம்பி காப்பை அறுத்ததுதான் என்று கண்டுபிடித்தார்கள். நான் பிழைத்ததற்குக் காரணம் அம்மன் என்று ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். ஒரு வருடத்துக்கு அவன் தேர் வடத்தைத் தொடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்புக்கு மட்டும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் என்னை ஆறு நாள் வைத்திருந்தார்கள். கணவர் ரோட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு கொழும்பில் இருந்து வந்து சேர்ந்தார். தம்பி தினமும் பார்க்கிற நேரத்துக்கு வந்து, பிளாஸ்க்கைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கால்மாட்டில் நிற்பான். நான் ஒரு சொல் பேசவில்லை. பாவம் பார்க்க நான் தயாராக இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருவன் கொட்டகை வாசலில் குந்தியிருக்கலாம் என்றால், ஆறு நாள் அவன் என் கால்மாட்டிலும் நிற்கலாம்.

வீட்டுக்கு விட்ட அன்று கணவர் மருந்து எடுக்க வரிசையில் நின்றார். தம்பி த்ரீவீல் பார்க்கப் போனான். நான் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஹோட்டலில் உட்கார்ந்தேன். முஸ்லிம் ஹோட்டல். அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் எனக்குப் பால் தேத்தண்ணியை வைத்துவிட்டு, ரோட்டில் நின்ற தம்பியைக் கண்ணால் காட்டினார்.

“அந்தத் தம்பி ஒங்கட ஆளா புள்ள?”

“என் தம்பி.”

“அப்ப ஒங்களுக்குத்தான் ரத்தம் கேட்டிருக்காங்க.” நானா முன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “அண்டைக்கு நனஞ்சி போய் வந்தார். மாட்டிறச்சி இருக்கான்னு கேட்டார். கையில மஞ்சளப் பாத்தேன், கோயில் ஆளுன்னு வெளங்கிச்சி. கோழி இருக்கு தம்பி, அதத் தாரேன்னு சொன்னேன். வேணாம், மாடுதான் வேணும்னார். ரெண்டு பிளேட்டு புள்ள. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணால தண்ணி ஊத்துது. இடையில எழும்பிப் போய் ரோட்டோரக் கான்ல வாந்தி எடுத்தார். போயிருவார்னு நெனச்சேன். வாயக் கழுவிட்டு வந்து மிச்சத்தயும் தின்டார்.”

நான் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“எவ்வளவு நேரத்துல ரத்தமாகும் நானான்னு என்னயக் கேட்டார். நான் என்னத்தச் சொல்ற? கொஞ்சம் நடந்தா சீக்கிரம் செமிக்கும்னு சொல்லிட்டேன். அந்த மழையில ஆஸ்பத்திரி மதிலச் சுத்திச் சுத்தி ஓடினார் புள்ள. நான் இங்கேருந்து பாத்துட்டே இருந்தேன்.”

நானா எழுந்து வேறு யாருக்கோ பராட்டா எடுக்கப் போனார். நான் ரோட்டைப் பார்த்தேன். தம்பி ஒரு த்ரீவீல்காரனிடம் பிள்ளை இருக்கிறது, மெதுவாகப் போக வேண்டும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சு அத்தனையும் இருந்த இடம் தெரியவில்லை. அழுதேன். நானா பார்க்காத மாதிரி பராட்டாவைக் கொத்தினார்.

தம்பி உள்ளே வந்தான். “த்ரீவீல் வந்திருச்சிக்கா.” என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “என்னாச்சிக்கா? திரும்ப ஏதும் பண்ணுதா?” என்றான்.

“ஒண்ணுமில்ல. இந்தா, புள்ளையப் பிடி. நான் எந்திரிக்கணும்.”

அவன் ஒரு அடி பின்னால் போனான். ஆறு நாளும் அவன் பிள்ளையைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் சுத்தம் பார்த்து ஒதுங்குகிறான் என்று நான் நினைத்திருப்பேன், நினைத்ததாகக்கூட ஞாபகமில்லை. இரண்டு கையையும் இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே நானா பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்:

“நான் தொடலாமாக்கா?”

எழுந்து போய் அவன் கையில் பிள்ளையை வைத்தேன்.